முதியவர்கள் கீழே விழும் அபாயம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டுப் பெரியவர்கள் கீழே விழுவதைப் பற்றியே இந்தப் பகுதிக்குப் பல கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் வெளியிட இடமில்லை. பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய சில கேள்விகளை எடுத்துக்கொண்டு, இந்த இதழில் முழுக்க அவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 72. ரங்கூனில் கீழ்த்தள வீட்டில் எங்களோடு இருக்கிறார். மழை தொடங்கிய புதிதில் பாசி பிடித்த கொல்லைப்புறச் சிமெண்ட் தரையில் வழுக்கி விழுந்தார். சென்ற வாரம் விடியற்காலையில் கட்டிலைவிட்டு எழுந்து கழிவறைக்குப் போகும்போது மறுபடியும் விழுந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். “வயசானால் விழத்தானே செய்வார்கள்” என்கிறார் என் கணவர். இன்னொரு முறை விழுவாரா என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளப் பரிசோதனை ஏதாவது உண்டா?
— வாசகி, ரங்கூன்

பதில்: உண்டு, அம்மா. ஆனால் உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டது. முதியவர்கள் விழுவதைத் தடுப்பதற்கென்று 2022ஆம் ஆண்டில் வெளியான உலக வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஓராண்டுக்குள் இரண்டு முறையோ அதற்கு மேலோ விழுந்தவர் அதிக அபாயம் உள்ளவர் என்றே கொள்ளப்படுகிறார். விழுந்ததில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் காயம்பட்டவர், விழுந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எழ முடியாமல் கிடந்தவர், நினைவு தப்பி விழுந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர், உடல் நலிந்து போனவர் ஆகியோரும் அதே வரிசையில்தான் வருகிறார்கள். ஆகவே இனி நாம் கண்டுபிடிக்க வேண்டியது அவர் ஏன் விழுந்தார் என்பதைத்தான். எலும்பு முறியவில்லை என்று சொன்ன எக்ஸ்ரேயால் அதைச் சொல்ல முடியாது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரும், 80ஐக் கடந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள். ஆனால் பலருக்கும் நடக்கிறது என்பதனாலேயே அது தடுக்க முடியாதது ஆகிவிடாது. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததனால் உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ‘வயசாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்வதுதான் நம் வீடுகளிலும், வருத்தத்தோடு சொல்கிறேன், நம் மருத்துவர்களின் அறைகளிலும் நடக்கும் பெரிய தவறு.

முதலில் அவரை உட்காரவைத்து நிதானமாகக் கேளுங்கள். கொல்லையில் விழுந்தது பாசியால் என்று தெரிகிறது. கட்டிலருகே விழுந்தது வேறு வகை. அங்கே கால் வழுக்கியதா, முழங்கால் மடங்கியதா, கண் இருட்டிக்கொண்டு வந்ததா, தரையில் விழுந்த கணம் அவருக்கு நினைவிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டறியுங்கள். விழுந்ததே நினைவில்லை, கண் திறந்து பார்த்தபோது தரையில் கிடந்தேன் என்று சொன்னால், அது மயக்கமாக இருக்கலாம். இதயத் துடிப்பைப் பார்க்க இசிஜி அவசியம். கண் இருட்டியது என்றால், படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்குகிறது என்ற சந்தேகம் முன்னுக்கு வருகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் முறை மிக எளிது. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் செய்யப்படுவதில்லை. அவரை 5 நிமிடம் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு எழுந்து நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால், நிற்கும்போது அழுத்தம் குறைகிறது என்று பொருள். நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒருமுறை பார்த்து, ‘பி.பி. சரியாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடும் வழக்கத்தில் இது தப்பிவிடுகிறது. “படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பாருங்கள்” என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

அடுத்து, வீட்டில் அவர் விழுங்கும் அத்தனை மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, தூக்க மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமைன் போன்றவை தனித்தனியாகவும், சேர்ந்தால் இன்னும் அதிகமாகவும் தடுமாற்றத்தை உண்டாக்கும். முதுகுவலிக்கென்று கடையில் பல மாத்திரைகளைக் கலந்து சிறு பொட்டலமாகக் கட்டித் தருகிறார்களே, அதையும் மறைக்காமல் காட்டுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டால் அது தொடைத் தசையையும் எலும்பையும் பலவீனமாக்கும். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் எடுத்த தூக்க மாத்திரையையும் ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொல்லும் கணக்கில் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, அவர் நடப்பதைப் பாருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றைப் போட்டு, அதிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு இழுங்கள். அவர் வழக்கமாக அணியும் செருப்போடும், ஊன்றுகோல் இருந்தால் அதோடும், நாற்காலியிலிருந்து எழுந்து, இயல்பான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். யாராவது ஒருவர் தாங்கிப் பிடிக்கும் தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். இந்தச் சோதனை 1991 முதல் உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டியவர் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவு. உலக நெறிமுறைகள் 15 வினாடிக்கு மேல் என்று வைத்திருக்கின்றன.

வினாடிக் கணக்கைவிட நான் பெரிதாக மதிப்பது, அந்தச் சில அடிகளில் கண்ணுக்குத் தெரிபவற்றை. எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளுகிறாரா, முதல் முயற்சியில் எழ முடியாமல் மறுபடி சாய்ந்துவிடுகிறாரா, திரும்பும் இடத்தில் எட்டுப் பத்துச் சின்னஞ்சிறு அடிகளாக வைத்துத் திரும்புகிறாரா, போகிற போக்கில் சுவரையும் அலமாரியையும் விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போகிறாரா என்று பாருங்கள். கைலியின் ஓரம் தரையில் இழுபடுகிறதா, அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை போய்விடுகிறதா என்பதும் முக்கியம். பிடிமானத்துக்கு இருக்க வேண்டிய கை அது. நடக்கும்போது பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரென்றால் அதுவும் ஓர் அறிகுறி. அப்படி நின்றுவிடும் முதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்ததை 1997இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கண்ணில் புரை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வீட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் உங்களுக்கே எல்லாம் தெரியும். கொல்லைப்புறப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மழை முடியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை இது. தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு நின்றபடி குளித்து, காலோடு ஒட்டிக்கொண்ட ஈரக் கைலியோடு வீட்டுக்குள் நடந்து வரும் பழக்கம் அவருக்கு இருந்தால், குளிக்கும் இடத்தில் நல்ல கனமான முக்காலி ஒன்றும், உடை மாற்றிக்கொள்ள அங்கேயே ஒரு மறைவும் செய்து கொடுங்கள். மின்சாரம் போகும் இரவுகளுக்காகச் சார்ஜ் விளக்கு ஒன்று படுத்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். விடியற்காலையில் எழும்போது கட்டிலோரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிட்டுப் பிறகு நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறேன். 78 வயதான அப்பா ரங்கூனில் நான்காவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மா காலமாகிவிட்டார். தொலைபேசியில் கேட்டால் “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறேன்” என்றுதான் எப்போதும் சொல்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா, அப்பா மாடிப்படியில் தடுமாறியதைப் பார்த்ததாகச் சொன்னார். இவ்வளவு தூரத்திலிருந்து நான் எப்படிக் கணிப்பது?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: தம்பி, இன்று நம் சமூகத்தில் எத்தனையோ பிள்ளைகள் இதே நிலையில் இருக்கிறார்கள். தூரத்திலிருந்தும் ஓரளவு நன்றாகவே கணிக்க முடியும்.

“அப்பா, விழுந்தீர்களா?” என்று நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். உண்மையைச் சொன்னால் வெளியே போகக்கூடாது என்று தடுத்துவிடுவார்கள், வீட்டை விட்டுவிட்டு உறவினர் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள் என்ற பயம் பெரியவர்களுக்கு உண்டு. மூன்று கேள்விகளைப் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். கடந்த ஓராண்டில் எங்காவது கால் தடுக்கியோ வழுக்கியோ தரையைத் தொட நேர்ந்ததா? நிற்கும்போதோ நடக்கும்போதோ நிலை கொள்ளாத உணர்வு இருக்கிறதா? விழுந்துவிடுவோமோ என்ற கவலை மனத்தில் வருகிறதா? இம்மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கேட்பதற்கு முன்பே, “எதுவானாலும் வீட்டைவிட்டுக் கிளம்பச் சொல்ல மாட்டேன், அப்பா” என்று வாக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீடியோ அழைப்பில் வாருங்கள். சாதாரண உயரமுள்ள, கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அப்பா கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 வினாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். அக்கா பக்கத்திலேயே நிற்கட்டும். 75 முதல் 79 வயதுவரை உள்ள ஆண்களுக்கு 11க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழ் என்று கொள்ளப்படுகிறது. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை என்றால் கணக்கு பூஜ்யம்தான். தொடை வலு மிகவும் குறைந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு, மேசையைப் பிடித்துக்கொள்ளும் தூரத்தில் நின்று, ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரல் நுனியைத் தொடும்படி வரிசையாக வைத்து, பிடிக்காமல் 10 வினாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல். இந்த முடிவுகளை எழுதிவைத்து அவரை ஒரு மருத்துவரிடம் அனுப்புங்கள். மேலே ரங்கூன் வாசகிக்குச் சொன்ன இரத்த அழுத்தச் சோதனையும் மாத்திரைப் பையும் உங்கள் அப்பாவுக்கும் பொருந்தும்.

அந்தக் குறுகலான, செங்குத்தான மாடிப்படிதான் எனக்குக் கவலை தருகிறது. பலரும் நடுப்படியில் விழுவதில்லை. இறங்கி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கடைசிப் படியைத் தவறவிட்டுத்தான் விழுகிறார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளையோ மஞ்சளோ பட்டையாக வண்ணம் அடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி போட முடியுமா என்று கட்டடத்தில் உள்ளவர்களோடு பேசிப் பாருங்கள். செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கையில் பையோடு இறங்குவதும் ஏறுவதும் கூடாது. பால்கனியிலிருந்து கிளிப் மாட்டித் தொங்கவிடும் கயிறு நம் ரங்கூன் வீடுகளுக்கே உரிய வசதி; செய்தித்தாள், காய்கறி, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் அதிலேயே ஏறிவரட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி, அப்பா படியிறங்குவதையே நிறுத்திவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், கையில் சுமை இல்லாமல், கைப்பிடி பிடித்து, நாளுக்கு ஒருமுறை இறங்கி ஏறுவது அவர் கால்களுக்கு நல்லது.

தனியாக இருப்பவருக்கு விழுவதைவிடக் கொடியது, விழுந்து எழ முடியாமல் நெடுநேரம் தரையில் கிடப்பது. அதனால் தசை நசிவு, நீரிழப்பு, நுரையீரல் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு எனப் பலவும் வரலாம். தொலைபேசி மேசைமேல் இருந்து பயனில்லை. கழுத்தில் தொங்கும் பையிலோ சட்டைப் பையிலோ எப்போதும் அவர் மேலேயே இருக்க வேண்டும், இரவில் கழிவறைக்குப் போகும்போதும். வீட்டுச் சாவி ஒன்று அக்காவிடம் இருக்கட்டும். காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தினமும் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் எடுக்கவில்லை என்றால் அக்கா கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் மாந்தளையில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறேன். நோயாளி சேர்ந்தவுடன் விழும் அபாயத்துக்கு மதிப்பெண் போடும் படிவத்தை நிரப்புகிறோம். குறைந்த மதிப்பெண் பெற்ற ஒரு தாத்தா இரவில் விழுந்துவிட்டார். அதிக மதிப்பெண் பெற்ற பலர் விழவே இல்லை. நாங்கள் நிரப்புவதில் தவறா, படிவத்திலேயே தவறா?
— வாசகி, மாந்தளை

பதில்: நீங்கள் விவரிப்பது 1989இல் வெளியான மோர்ஸ் அளவுகோல் என்று எண்ணுகிறேன். முன்பு விழுந்திருந்தால் 25, இரண்டாவது நோய் இருந்தால் 15, நடைத்துணைக்கு 15 அல்லது 30, டிரிப் ஊசி இருந்தால் 20, நடைத் தளர்ச்சிக்கு 10 அல்லது 20, தன் இயலாமையை மறந்து எழுபவருக்கு 15 என்று மொத்தம் 125 மதிப்பெண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 வயது இளைஞர் ஒருவர் காய்ச்சலோடு வருகிறார். சர்க்கரையும் இருக்கிறது, கையில் டிரிப் ஏறுகிறது. அவருக்கு 35. இதுவரை விழுந்ததே இல்லாத 80 வயதுப் பெரியவர் ஒருவர், நோயின் வேகத்தில் மனக்குழப்பம் ஏற்பட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் இரவில் எழுந்து நடக்கிறார். வேறொரு நோயும் இருக்கிறது. அவருக்கு 30. இருவரில் யார் விழுவார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், படிவத்துக்குத் தெரியாது. இதனாலேயே இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டு அமைப்பான நைஸ், இப்படிப்பட்ட மதிப்பெண் கருவிகளை வைத்து யார் விழுவார் என்று கணிக்க வேண்டாம் என்று 2013இலேயே சொல்லிவிட்டது. மருத்துவமனையில் சேரும் 65 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் அபாயம் உள்ளவர்களாகவே கொண்டு, ஒவ்வொருவரிடமும் திருத்தக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும் என்பது அதன் நிலை. 2022 உலக நெறிமுறைகளும் மருத்துவமனை நோயாளிகளுக்கு மதிப்பெண் கருவிகளைப் பரிந்துரைக்கவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மதிப்பெண் எழுதிக் கோப்பில் வைத்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. குறைந்த எண்ணைப் பார்த்து நீங்களும் உங்கள் சகாக்களும் அந்தத் தாத்தாவின் கட்டிலைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அது உங்கள் குற்றமல்ல, அந்த எண் சொல்லிக்கொடுத்த பாடம். நிர்வாகம் கேட்டால் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே அதற்காக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ‘டிரிப்: 20’ என்பதன் கீழே, ‘கழிவறைக்குப் போகும்போது கழற்றிவிடப்படும், மணி அடிக்கச் சொல்லப்பட்டது’ என்று இருக்கட்டும். மருத்துவமனையில் பெரியவர்கள் எழுந்து விழுவதற்குச் சிறுநீர் அவசரம் பெரிய காரணம். ஆகையால் படுக்கும் முன்னும் நடு இரவிலும் நீங்களே கேட்டு அழைத்துப் போங்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. கட்டில் தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீரும் மணியும் கைக்கு எட்ட வேண்டும். புதிதாகக் குழப்பம் தெரிந்தால் இரவு என்றும் பாராமல் மருத்துவரை அழையுங்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் உறவினர் ஒருவர் பாய் போட்டுப் படுத்திருப்பார் அல்லவா, அவருக்கு இவற்றையெல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டால், உங்களுக்கு இன்னொரு ஜோடிக் கண்கள் கிடைத்த மாதிரி.

கேள்வி: விழாமல் இருப்பதற்காக வைட்டமின் டி ஊசி ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாமா?
— வாசகி, பெகு

பதில்: வேண்டாம். 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பெற்றவர்களே அதிகமாக விழுந்தார்கள், அவர்களுக்கே எலும்பும் அதிகமாக முறிந்தது. குறைபாடு இருப்பது தெரிந்தால் சிறு அளவில் தொடர்ந்து எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சிறு அடியில் எலும்பு முறிந்திருந்தால் எலும்புத் தேய்வுக்கான சிகிச்சையைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 69. நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். இடது காலிலிருந்து செருப்பு நழுவிப் போவதே தெரிவதில்லை. யாராவது சொல்லித்தான் திரும்பிப் பார்க்கிறேன். படிக்கவும் பார்க்கவும் ஒரே கண்ணாடி. ஒருமுறை கோயில் வாசலில் விழப் பார்த்தேன். அன்றிலிருந்து மகள் வெளியே விடுவதில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது. உட்கார்ந்தே இருப்பதுதான் பாதுகாப்பா?
— வாசகர், மோல்மேன்

பதில்: இல்லை, ஐயா. நீங்களும் உங்கள் மகளும் அன்பினால் எடுத்த இந்த முடிவே, இப்போது உங்களுக்கு உள்ள அபாயங்களில் பெரியதாக இருக்கலாம். வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவரின் தொடைத் தசை சில வாரங்களிலேயே மெலியத் தொடங்கும், சமநிலை குறையும், குறைந்தவுடன் பயம் இன்னும் கூடும். விழும் பயத்தையே ஓர் அபாயக் காரணமாக எடுத்துக்கொண்டு, அதைத் தனியே கேட்டறிய வேண்டும் என்று நெறிமுறைகள் சொல்வது இதனால்தான்.

செருப்பு நழுவியது தெரியவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி எனக்கு நிறையச் சொல்கிறது. சர்க்கரையால் பாத நரம்புகள் உணர்விழந்திருக்கலாம். தரை எப்படி இருக்கிறது என்று பாதம் மூளைக்குச் சொல்லாவிட்டால், கண் ஒன்றைத்தான் நம்பி நடக்க வேண்டும். இருட்டில் அதுவும் இல்லை. மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், அதிரும் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தும் சோதித்துப் பார்ப்பார். நெடுங்காலம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் நரம்பைப் பாதிக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளிபென்கிளமைடு மாத்திரை எடுத்துக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்துவிட்டால் சர்க்கரை தாழ்ந்து, கைகால் நடுங்கித் தடுமாற்றம் வரும். விரத நாட்களில் மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

விரலிடுக்கில் மாட்டும் செருப்பை விட்டுவிட்டு, குதிகாலையும் பிடித்துக்கொள்ளும் வார் வைத்த செருப்புக்கு மாறுங்கள். கோயிலுக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும் என்பதால், உச்சி வெயிலில் சுடும் கல்லையும் மழை பெய்து ஈரமான பளிங்குத் தரையையும் தவிர்த்து, காலை நேரத்தில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்வாருங்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியே படியைப் பார்த்தால் விளிம்பு மங்கலாகத் தெரியும். நீங்கள் அடிக்கடி வெளியே போகிறவராக இருந்தால், தொலைவுக்கு மட்டுமான இன்னொரு கண்ணாடி உதவும்.

எல்லாவற்றையும்விடப் பயன் தரும் மருந்து பயிற்சிதான். 108 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதை ஏறக்குறைய 23 விழுக்காடு குறைப்பதாகக் காட்டியது. சமநிலையையும் கால் வலுவையும் சேர்த்துப் பழக்கும் பயிற்சிகளுக்கே அந்தப் பலன் உறுதியாகத் தெரிந்தது. சும்மா நடந்தால் மட்டும் போதும் என்று சொல்ல அவ்வளவு சான்று இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றதை வைத்து நில்லுங்கள். பக்கவாட்டில் பத்து அடி போய் வாருங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். எளிதாகிவிட்டது என்று தோன்றும்போது, பிடிக்கும் கையை விரல் நுனியாகக் குறைத்து, பிறகு விட்டுவிட்டுச் செய்யுங்கள். எளிதாகவே இருக்கும் பயிற்சி சமநிலையை வளர்ப்பதில்லை. பாதத்தில் புண் இருந்தால் அது ஆறும்வரை பொறுங்கள். ஊன்றுகோல் வாங்குவதானால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும். பலவீனமான காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது: அப்பாவைத் தடுக்காதீர்கள், அம்மா, பயிற்சியின்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: பாட்டி விழுந்தால் உடனே இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறோம். அது சரியா?
— வாசகி, தாட்டோன்

பதில்: தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுத்து, அவரோடு பேசுங்கள். கழுத்திலோ இடுப்பிலோ கடும் வலி இருந்தாலும், ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலும் அசைக்காதீர்கள். அது தொடை எலும்பின் மேல்முனை முறிவாக இருக்கலாம். போர்த்திவிட்டு, பலகையில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும், கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்கவைப்பதும் கூடாது. இந்த முறிவுக்கு ஓரிரு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் மறுபடி நடக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அவராகவே எழ உதவுங்கள். முதலில் ஒருக்களித்துப் படுக்கட்டும். பிறகு முழங்கையை ஊன்றி, கைகளாலும் முழங்கால்களாலும் தவழும் நிலைக்கு வரட்டும். உறுதியான நாற்காலி ஒன்றை அவர் முன்னால் நகர்த்தி, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் அதில் ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னே வைத்து, தள்ளி எழுந்து, மெதுவாகத் திரும்பி உட்காரட்டும். அக்குளில் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவலாம், தூக்குபவர் முதுகும் பிடித்துக்கொள்ளலாம்.

தலையில் அடிபட்டு, அவர் வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால், காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றவர்களிடமும் அடுத்த சில வாரங்களில் தலைவலி, அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம், ஒரு பக்கத் தளர்ச்சி எது தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. மூளையைச் சுற்றி இரத்தம் மெதுவாகக் கசிந்து, நாள் கழித்துத்தான் வெளிப்படுவது உண்டு. பாட்டி எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார், அன்று என்னென்ன மாத்திரை சாப்பிட்டிருந்தார், காலில் என்ன அணிந்திருந்தார் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்து, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.